நம்ம மியூசிக் குரூப்புக்கு சொந்தமா ஒரு இன்டர்நெட் ரேடியோ: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

பாட்டு பத்தியே ராத்திரி பகலா பேசிட்டு இருக்கற எந்த ஆன்லைன் குரூப்லயும் ஒரு நாள் யாராவது ஒருத்தர் "நாமளே ஒரு ரேடியோ ஆரம்பிச்சா என்ன"ன்னு கேப்பாங்க. உடனே 30 பேர் சூப்பர்ம்பாங்க, அதுல 10 பேர் நான் ஷோ பண்றேன்னு கை தூக்குவாங்க, மூணு மாசம் கழிச்சு எட்டிப் பாத்தா ரெண்டே ரெண்டு பேர் கண்ணுல தூக்கத்தோட மாத்தி மாத்தி ஓட்டிட்டு இருப்பாங்க. நான் இந்த மாதிரி ரெண்டு ஸ்டேஷன்ல இருந்திருக்கேன். ஒண்ணு ஊத்திக்கிச்சு, இன்னொண்ணு ஓடிட்டு இருக்கு. ஊத்திக்கிட்டதுக்கு காரணம் சர்வர் இல்ல, சர்வர் வேலையெல்லாம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உக்காந்தா சாயங்காலம் முடிஞ்சுடும். யார் என்ன பண்ணணும்னு பேசிக்காதது, பாஸ்வேர்டெல்லாம் ஒரே ஆள்கிட்ட இருந்தது, பாட்டு உரிமை பத்தி யாருமே வாயே திறக்காதது, இதெல்லாம் சேந்து தான் கவுத்துச்சு.

அதனால இத நான் எழுதியிருக்கற வரிசையிலயே பண்ணுங்க. எல்லாருக்கும் சர்வர்ல கை வைக்கறது தான் ஜாலி, அத வேணும்னே தள்ளி வச்சிருக்கேன்.

முதல்ல உக்காந்து பேசுங்க

ரேடியோன்னா 24 மணி நேரமும் யாராவது மைக் முன்னாடி இருக்கணும்ங்கற நெனப்ப விட்டுடுங்க. நடைமுறைல எல்லாரும் பண்றது என்னன்னா, அடியில ஒரு ஆட்டோ பிளேலிஸ்ட் எப்பவும் ஓடிட்டே இருக்கும், ஆட்டோடிஜேன்னு சொல்வாங்க. யாராவது லைவ்ல வந்தா அது ஒதுங்கி வழி விடும், லைவ் முடிஞ்சதும் தானா திரும்ப வந்து உக்காந்துக்கும். ஸ்டேஷன் 24 மணி நேரமும் உயிரோட இருக்கும், ஆளுங்க தூங்கலாம்.

லைவ் ஷோ வாரத்துக்கு 4 போதும், ஒவ்வொண்ணும் 1 இல்ல 2 மணி நேரம். கை தூக்கின 10 பேருக்கும் ஆளுக்கு ஒரு வார ஸ்லாட் குடுத்தா முதல் மாசம் கலகலன்னு இருக்கும், அப்புறம் பரீட்சை, கல்யாணம், வேலை மாத்தறதுன்னு ஒவ்வொருத்தரா கழண்டு போய் காலி ஸ்லாட்டா நிக்கும், கேக்கறவங்களுக்கு "இந்த ஸ்டேஷன் படுத்துடுச்சு போல"ன்னு தோணிடும். 4 ஷோ வச்சு 4ம் கரெக்டா நடந்தா, அஞ்சாவதுக்கு ஆளுங்களே வந்து இடம் கேப்பாங்க.

வேலைய பிரிச்சுக்கோங்க. டெக்னிக்கலுக்கு ரெண்டு பேர், பாட்டு லைப்ரரிக்கு ஒருத்தர், ஷெட்யூலுக்கு ஒருத்தர், மத்தவங்க டிஜேங்க. டெக்னிக்கலுக்கு ஏன் ரெண்டுன்னா, என்னோட முதல் ஸ்டேஷன்ல டொமைன், அதாவது ஸ்டேஷனோட வெப் முகவரி, ஒரு நண்பர் பேர்ல இருந்துச்சு, அவருக்கு வேலை மாறி பழைய மெயில் ஐடிய பாக்கறதயே விட்டுட்டாரு, புதுப்பிக்க சொல்லி வந்த மெயில் அத்தனையும் அங்க போய் தூங்குச்சு. ஒரு நாள் காலைல ஸ்டேஷன் முகவரில வேற யாரோட விளம்பரமோ ஓடுது. அவர் மேல தப்பே இல்ல, ஒருத்தர நம்பி விட்டது தான் தப்பு. டொமைன், ஹோஸ்டிங் (சர்வர வாடகைக்கு விடற சேவை), சர்வர் ரூட் அக்கவுன்ட் (எல்லா அதிகாரமும் இருக்கற லாகின்), நன்கொடை வாங்கற கணக்கு, இது நாலுக்கும் ரெண்டு பேர்கிட்ட சாவி இருக்கணும். டொமைன் மெயில் ஐடி தனி ஆளோடதா இல்லாம ஸ்டேஷனுக்குன்னு பொதுவா ஒண்ணா இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு ரெண்டு பேரும் பாக்கற மாதிரி வச்சுக்கோங்க.

பாட்டு உரிமை: இத தாண்டி குதிக்க முடியாது

இங்க தான் பாதி பேர் "சின்ன ஸ்டேஷன் தானே, யார் கேக்கப் போறாங்க"ன்னு கண்ண மூடிக்கறாங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா அடிப்படை என்னன்னு தெரிஞ்சுக்காம ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க.

ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி உரிமை இருக்கு. ஒண்ணு மெட்டும் வரியும், அது இசையமைச்சவங்க, எழுதினவங்க, அவங்களோட பப்ளிஷர் பக்கம். இன்னொண்ணு அந்த குறிப்பிட்ட ஒலிப்பதிவு, அது பெரும்பாலும் மியூசிக் கம்பெனிகிட்ட இருக்கும். பெரும்பாலான நாடுகள்ல இந்த ரெண்டுக்கும் வேற வேற அமைப்பு லைசென்ஸ் குடுக்கும். உதாரணத்துக்கு அமெரிக்கால ஒலிப்பதிவுக்கு சவுன்ட்எக்ஸ்சேஞ்ச், மெட்டு வரிக்கு அஸ்காப், பிஎம்ஐ மாதிரி சில அமைப்புங்க. பிரிட்டன்ல பிபிஎல், பிஆர்எஸ். ஒண்ண வாங்கிட்டு ரெண்டையும் வாங்கிட்டதா நெனச்சு ஓட்டறவங்க நெறய பேர். சர்வர் இருக்கற நாடு மட்டும் இல்ல, கேக்கறவங்க இருக்கற நாடும் கணக்குல வரும்ங்கறதயும் மறக்காதீங்க, குரூப் உலகம் பூரா பரவி இருந்தா அது நெசமான தலைவலி.

லைசென்ஸ் வாங்கிட்டாலும் இஷ்டத்துக்கு போட முடியாது. அமெரிக்காவோட சட்டப்படியான லைசென்ஸ்ல, 3 மணி நேரத்துக்குள்ள ஒரே ஆல்பத்துல இருந்து 3 பாட்டு தான், அதுலயும் தொடர்ந்து 2க்கு மேல கூடாது. ஒரே ஆர்டிஸ்ட்னா 4, தொடர்ந்து 3க்கு மேல கூடாது. எந்த பாட்டு எப்ப வரும்னு முன்கூட்டியே லிஸ்ட் வெளியிடவும் கூடாது. பிறந்தநாள் ஸ்பெஷல்னு ஒரே ஆர்டிஸ்ட 2 மணி நேரம் போட்டு தாக்கறது இதுல அடிபட்டுடும். மத்த நாட்டு விதிங்க வேற மாதிரி இருக்கும், உங்களோடத படிங்க.

இதெல்லாம் வெறும் பேப்பர் மிரட்டல் இல்ல. நேயர்களோட நன்கொடைலயே ஓடற சோமாஎஃப்எம்ங்கற அமெரிக்க இன்டர்நெட் ரேடியோ, 2002-ல ராயல்டி (பாட்டு உரிமைக்காரங்களுக்கு கட்டற காசு) கட்டணப் பிரச்சனையால கொஞ்ச மாசம் ஒலிபரப்பயே நிறுத்தி வச்சிருந்துச்சு. அமெரிக்கால சின்ன ஸ்டேஷன்களுக்கு இருந்த சலுகைக் கட்டணம் 2015 முடிவோட காலாவதி ஆனப்ப, ஆயிரக்கணக்கான சின்ன ஸ்டேஷன்கள தாங்கிட்டு இருந்த லைவ்365 சேவை 2016 ஜனவரி கடைசில மூடிடுச்சு. அடுத்த வருஷம் வேற கைக்கு மாறி திரும்ப வந்துச்சுங்கறது வேற விஷயம், அந்த நடுவுல அத நம்பி இருந்தவங்க எல்லாம் தெருவுல நின்னாங்க.

அப்ப என்ன தான் பண்றது? மூணு வழி இருக்கு. லைசென்ஸையும் சேத்து குடுக்கற ஹோஸ்டிங் சேவை எடுக்கலாம், மாசக் காசு கூட ஆகும், எந்தெந்த நாட்டுக்கு செல்லும்னு கேட்டுக்கோங்க. இல்ல நேரா அமைப்புங்க கிட்ட போய் சின்ன ஸ்டேஷன் லைசென்ஸ் வாங்கலாம். மூணாவது எனக்கு ரொம்ப புடிச்சது: சொந்த அனுமதி இருக்கற பாட்டு மட்டும் போடறது. மியூசிக் குரூப்னாலே அதுல பாட்டு பண்றவங்க இருப்பாங்க, அவங்க பாட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல (பண்ணினவங்களே மத்தவங்க பயன்படுத்த முன்கூட்டியே குடுக்கற பொது அனுமதி) வெளியான பாட்டு, இத வச்சே ஒரு ஸ்டேஷன் ஓட்டலாம். கிரியேட்டிவ் காமன்ஸ்லயும் வகை பாருங்க: வணிகத்துக்கு கூடாதுன்னு இருந்தா விளம்பரம் போடற ஸ்டேஷனுக்கு அது ஆகாது, மாத்தக்கூடாதுன்னு இருந்தா வெட்டி ஒட்டி மிக்ஸ் பண்ணக் கூடாது, முழுசா அப்படியே போடலாம். உரிமையே வேணாம்னு விட்டுக் குடுத்த சிசி0 தவிர மத்த எல்லா வகையிலயும் பண்ணினவங்க பேர் சொல்லியே ஆகணும்.

நண்பர் பாட்டா இருந்தாலும் எழுத்துல வாங்குங்க. "என் இந்த இந்த பாட்ட ஸ்டேஷன்ல ஒலிபரப்பவும், ஷோ பதிவா சேமிச்சு வைக்கவும் அனுமதிக்கறேன், நான் வேணாம்னு சொன்னா எடுத்துடணும், மெட்டும் பதிவும் ரெண்டும் என்னோடது தான்"னு நாலு வரி மெயில் போதும். ஆனா அவர் ஏற்கனவே ஏதாவது உரிமை அமைப்புல மெம்பரா இருந்தா, சில நாடுகள்ல அவரே தனியா அனுமதி குடுக்க முடியாது, அதயும் கேட்டுக்கோங்க. ஷோவ பதிவு பண்ணி அப்புறமா கேக்க விடறது பல இடத்துல லைவ் ஒலிபரப்புக்கு வாங்கின லைசென்ஸ்ல வராது. பதிவு வேணுமா வேணாமாங்கறத இப்பவே முடிவு பண்ணுங்க.

கொஞ்சம் கணக்கு

128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஸ்ட்ரீம்னா, அதாவது நெட்ல விடாம போயிட்டே இருக்கற ஒலின்னா, ஒரு நேயருக்கு நொடிக்கு 16 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. சராசரியா 20 பேர் எப்பவும் கேட்டுட்டே இருந்தா மாசத்துக்கு கிட்டத்தட்ட 830 ஜிபி. சின்ன விபிஎஸ் (வாடகைக்கு கிடைக்கற மெய்நிகர் சர்வர்) எடுத்தாலே பல இடத்துல மாசம் 1 டிபி, அதாவது 1000 ஜிபி, டிரான்ஸ்ஃபர் குடுக்கறாங்க, அதனால ஆரம்பத்துல இது பெரிய விஷயம் இல்ல. சராசரி 20ங்கறது எழுதறதுக்கு சின்ன நம்பர், நெசத்துல 300 பேர் இருக்கற குரூப்புக்கு அது பெரிய நம்பர், ஏமாந்துடாதீங்க.

பாட்டு எத்தன வேணும்? ஒரு பாட்டு மூணரை நிமிஷம்னா ஒரு நாளைக்கு 410 பாட்டு ஓடும். 200 பாட்டு வச்சு ஆரம்பிச்சா ஒரே நாள்ல எல்லாம் ரெண்டு தடவ வந்துடும், ஆபீஸ்ல பின்னாடி ஓட விட்டு கேக்கறவங்க மூணே நாள்ல ஓடிப் போவாங்க. 1000 பாட்டு இருந்தா 58 மணி நேரம் கையில இருக்கு, அத குறைஞ்சபட்சமா வச்சுக்கோங்க. 320 கேபிபிஎஸ்ல 1000 பாட்டுக்கு 8, 9 ஜிபி தான் வரும், டிஸ்க் பத்தி கவலையே வேணாம்.

இப்ப சர்வர்

அமைப்பு சிம்பிள். டிஜேவோட கம்ப்யூட்டர்ல இருந்து ஒரே ஒரு ஸ்ட்ரீம் சர்வருக்கு போகுது, சர்வர் அத எத்தன பேர் கேட்டாலும் காப்பி பண்ணி குடுக்குது. அந்த காப்பி பண்ற வேலைய பண்றது ஐஸ்காஸ்ட், ஓப்பன் சோர்ஸ், 90கள் கடைசில இருந்து இருக்கற பழைய ஆள். ஆட்டோடிஜேயா இருந்து எது ஓடணும்னு முடிவு பண்றது லிக்விட்சோப். இந்த ரெண்டையும் சேத்து, மேல ஒரு அழகான வெப் பேனலும் போட்டு குடுக்கறது அஸுராகாஸ்ட், இதுவும் இலவசம் தான்.

கமாண்ட் லைன்ல விளையாடறது புடிக்கும்னா ஐஸ்காஸ்ட்டையும் லிக்விட்சோப்பையும் கையாலயே கட்டுங்க, நெறய கத்துக்கலாம். ஆனா தன்னார்வலர்கள் நடத்தற ஸ்டேஷனுக்கு நான் அஸுராகாஸ்ட் தான் சொல்வேன், ஏன்னா டெக்னிக்கல் ஆள் இல்லாதப்ப லைப்ரரி பாக்கறவங்களே பிரவுசர்ல உள்ள போய் பாட்டு ஏத்தலாம், ஷெட்யூல் பாக்கறவங்க நேரத்த மாத்தலாம், எல்லாத்துக்கும் ஒரே ஆள எழுப்ப வேண்டியதில்ல. 2 ஜிபி ரேம் கீழ்மட்டம், 4 ஜிபி எடுத்தா நிம்மதி. டாக்கர்ல (சாஃப்ட்வேர தேவையான எல்லாத்தோடயும் ஒரே பொட்டலமா ஓட்டற கருவி) ஓடறதால நிறுவறது சில கமாண்ட் தான், அத இங்க எழுதல, அவங்க பக்கத்துலயே இருக்கு, மாறிட்டும் இருக்கும்.

நிறுவினதுக்கு அப்புறம் மாட்டிக்கற இடங்கள் மட்டும் சொல்றேன்.

பாஸ்வேர்டு. ஐஸ்காஸ்ட்ட தனியா போட்டீங்கன்னா அதோட சாம்பிள் கான்ஃபிக்ல (செட்டிங் ஃபைல்ல) பாஸ்வேர்டு ஹேக்மீன்னே இருக்கும். "என்னை ஹேக் பண்ணு"ன்னு அவங்களே எழுதி வச்சும் அத மாத்தாம விடறவங்க இருக்காங்க. சோர்ஸ் (ஸ்ட்ரீம் அனுப்பறவங்க), அட்மின் (நிர்வாகம்), ரிலே (ஸ்ட்ரீம வாங்கி மறுபடி அனுப்பற இன்னொரு சர்வர்) மூணுக்கும் வேற வேற வைங்க.

ஹெச்டிடிபிஎஸ். உங்க வெப்சைட் பூட்டு போட்ட ஹெச்டிடிபிஎஸ் முகவரில இருக்க, ஸ்ட்ரீம் மட்டும் போர்ட் (சர்வருக்குள்ள போற வாசல் நம்பர்) 8000ல சாதா ஹெச்டிடிபில இருந்தா, பிரவுசர் அத பாதுகாப்பில்லாததுன்னு ஓட விடாது, பிளே பட்டன அழுத்தினா சும்மா சுத்திட்டே இருக்கும். எங்களுக்கு இது புரியவே ஒரு வாரம் ஆச்சு, ஏன்னா தனி பிளேயர்ல போட்டு பாத்தா நல்லா கேக்கும். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழ லெட்ஸ் என்கிரிப்ட்ங்கற சேவைல இலவசமா எடுத்து, ஸ்ட்ரீமையும் வழக்கமான 443 போர்ட் வழியாவே வெளிய விடுங்க. அஸுராகாஸ்ட்ல இதுக்கு செட்டிங் இருக்கு. ஆபீஸ் நெட்வொர்க் பலதுல 8000 அடைச்சு வச்சிருப்பாங்க, அதுக்கும் இது தான் மருந்து.

தமிழ் எழுத்து. இது வேற மொழிக்காரங்க கவனிக்கவே மாட்டாங்க. ஐஸ்காஸ்ட்டோட எம்பி3 மவுன்ட் பாயின்ட் (சர்வர்ல ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் இருக்கற தனி முகவரி), பாட்டு பேரு ஐஎஸ்ஓ 8859-1ங்கற மேற்கு ஐரோப்பிய எழுத்து முறைல வருதுன்னு தானா நெனச்சுக்கும், அதனால தமிழ்ல பேர் இருந்தா பூச்சி பூச்சியா கொம்பு வச்ச எழுத்தா காட்டும். கையால கட்டறவங்க மவுன்ட் செட்டிங்ல கேரக்டர் செட்டுங்கற இடத்துல யூடிஎஃப்-8ன்னு (எல்லா மொழிக்கும் ஆன எழுத்து முறை) எழுதினா சரியாகிடும்.

ஃபார்மட். மெயின் ஸ்ட்ரீம் எம்பி3 128 வைங்க, எந்த ஓட்ட போன்லயும் ஓடும், அதோட பேட்டன்ட் லைசென்ஸ் தொல்லையும் 2017-லயே முடிஞ்சாச்சு. டேட்டா கம்மியா இருக்கறவங்களுக்கு இன்னொரு மவுன்ட்ல 64ல ஏஏசி பிளஸ் வைக்கலாம். ஓபஸ் சவுன்ட் அருமையா இருக்கும், ஆனா எல்லா போன்லயும் ஓடாது, மூணாவதா வேணா வச்சுக்கோங்க. ஒவ்வொரு மவுன்ட்டும் சிபியூவ கொஞ்சம் தின்னும், ஆர்வக்கோளாறுல ஏழெட்டு வைக்காதீங்க.

ஃபால்பேக். டிஜேவோட நெட் போனா சர்வர் உடனே ஆட்டோடிஜேக்கு தாவணும். அஸுராகாஸ்ட்ல இது தானா நடக்கும். நடக்குதான்னு நம்பாதீங்க, லைவ்ல இருக்கும்போதே கேபிள உருவி பாருங்க. கனெக்ஷன் இருக்கு ஆனா மைக் மியூட்ல இருக்குங்கற கேஸ்ல சர்வருக்கு தெரியாது, அது பாட்டுக்கு மவுனத்த ஒலிபரப்பிட்டே இருக்கும், ரேடியோக்காரங்க பாஷைல டெட் ஏர். லிக்விட்சோப்ல பிளாங்க் டாட் ஸ்ட்ரிப்னு ஒரு ஃபங்ஷன், குறிப்பிட்ட நொடிக்கு மேல சத்தமே இல்லன்னா அந்த சோர்ஸ வெட்டிவிட்டுடும். 20, 30 நொடி வைங்க, அதுக்கும் கம்மியா வச்சா ஆம்பியன்ட் மியூசிக் போடற ஆளுக்கு பாதி ஷோ பறிபோயிடும், சண்டைக்கு வருவாரு.

லைப்ரரி: போரடிக்கற வேலை, ஆனா காதுக்கு தெரியறது இது தான்

பாட்டு சேத்ததும் டேக் (பாட்டு ஃபைலுக்குள்ளயே இருக்கற விவரக் குறிப்பு) சரி பண்ணுங்க. ஆர்டிஸ்ட், பாட்டு பேரு, ஆல்பம், மூணும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டல்ல இருக்கணும். ஒரே ஆர்டிஸ்ட் பேர் மூணு விதமா இருந்தா சிஸ்டம் மூணு ஆளுன்னு நெனச்சு அடுத்தடுத்து போட்டுடும், அந்த 3 மணி நேர விதியெல்லாம் காத்துல போயிடும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட்ங்கற இலவச சாஃப்ட்வேர் பாதி வேலைய தானா பண்ணிக் குடுக்கும். டேட்டாபேஸ்ல இல்லாத நம்ம ஆளுங்க பாட்டுக்கு கையால தான் அடிக்கணும், அங்கயே லைசென்ஸ் வகையையும் கமென்ட் இடத்துல எழுதி வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது கேட்டா தேட வேண்டாம்.

சத்த அளவு அடுத்தது. வீட்ல பதிவு பண்ணின பாட்டு மெதுவா இருக்கும், அடுத்து வர்ற மெட்டல் பாட்டு காத கிழிக்கும். ரீப்ளேகெயின்னு ஒரு முறை இருக்கு, பாட்ட மாத்தாம, எவ்ளோ கூட்டணும் குறைக்கணும்னு டேக்ல மட்டும் எழுதி வைக்கும், பிளே பண்றப்ப அத பாத்து சமப்படுத்திக்கும். அதோட ரெண்டாவது வெர்ஷன்ல இலக்கு மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு தெரியற சத்தத்த அளக்கற அலகு). லைப்ரரி மொத்தத்துக்கும் ஒரே தடவைல ஓட விடுங்க.

ஒரிஜினல் ஃபைல ஃபிளாக்ல (தரம் குறையாத ஃபார்மட்), இல்லன்னா 320 எம்பி3ல வைங்க. 128 எம்பி3யா வாங்கி வச்சுட்டு அத திரும்ப 128ல ஸ்ட்ரீம் பண்ணினா நகலோட நகல் மாதிரி சிம்பல் (டிரம்ஸ்ல இருக்கற வட்டத் தட்டு) சத்தமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும்.

பிளேலிஸ்ட்ட ஒரே குவியலா வைக்காதீங்க. புதுசு, எப்பவும் புடிச்சது, நிதானமானதுன்னு மூணா பிரிச்சு புதுசு அடிக்கடி வர்ற மாதிரி அதுக்கு வெயிட் கூட குடுங்க, நிதானமானத ராத்திரி நேரத்துக்கு ஷெட்யூல் பண்ணுங்க. 5 பாட்டுக்கு ஒரு தடவ ஒரு ஜிங்கிள், அதாவது ஸ்டேஷன் பேர சொல்ற குட்டி ஒலித்துண்டு. ஜிங்கிள 7, 8 நொடிக்கு மேல இழுக்காதீங்க, குரூப்ல இருக்கறவங்க ஒவ்வொருத்தர் குரல்லயும் ஸ்டேஷன் பேர சொல்ல வச்சு போன்ல பதிவு பண்ணி அனுப்ப சொன்னா அதவிட நல்ல ஜிங்கிள் கிடையாது. எங்க ஸ்டேஷன்ல இன்னிக்கும் ஓடற ஜிங்கிள் ஒண்ணுல பின்னாடி குக்கர் விசில் கேக்கும், எடுக்கவே விட மாட்டேங்கறாங்க.

டிஜேங்கள தயார் பண்றது

எல்லாருக்கும் தனித்தனி அக்கவுன்ட். ஒரே சோர்ஸ் பாஸ்வேர்ட 10 பேருக்கு குடுத்தீங்கன்னா, ஒருத்தரோட மனஸ்தாபம் வந்து அவர் போறப்ப 9 பேருக்கும் மாத்த வேண்டியிருக்கும். அஸுராகாஸ்ட்ல ஸ்ட்ரீமர் அக்கவுன்ட் போட்டு, அவங்க ஷெட்யூல் நேரத்துல மட்டும் கனெக்ட் ஆகற மாதிரியும் கட்டுப்படுத்தலாம். முதல் ஸ்டேஷனுக்கு பொதுமக்கள் கேக்கற போர்ட் 8000னா டிஜே கனெக்ட் பண்றது 8005, இத குழப்பிக்கிட்டு தான் முக்காவாசி பேர் "கனெக்டே ஆகல"ம்பாங்க.

சாஃப்ட்வேர்னா ரெண்டு போதும். பேசி, பிளேயர்ல பாட்டு போடறவங்களுக்கு பட், பிராட்காஸ்ட் யூசிங் திஸ் டூல்ங்கறதோட சுருக்கம், ரொம்ப சின்னது. டிஜே மாதிரி ரெண்டு டெக் வச்சு மிக்ஸ் பண்றவங்களுக்கு மிக்ஸ்எக்ஸ், அதுலயே லைவ் ஒலிபரப்பு இருக்கு. ரெண்டும் இலவசம். பிரவுசர்லயே பண்ற வெப் டிஜேயும் அஸுராகாஸ்ட்ல உண்டு, விருந்தாளிக்கு வேணா அது சரி, ஹெச்டிடிபிஎஸ் இல்லன்னா மைக்க பிரவுசர் விடாதுங்கறத ஞாபகம் வைங்க.

மைக்குக்கு காசு கொட்டாதீங்க. சும்மா ஒரு ரூம்ல உக்காந்து பேசறவங்களுக்கு கன்டென்சர விட டைனமிக் மைக் நல்லது, ஏன்னா அது ஃபேன் சத்தம், தெரு நாய், பக்கத்து ரூம் டிவி எல்லாத்தையும் அள்ளிட்டு வராது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முஷ்டி தூரம், கொஞ்சம் சாய்ச்சு. ஹெட்போன் கட்டாயம், ஸ்பீக்கர்ல கேட்டுட்டே பேசினா சத்தம் திரும்ப மைக்குல ஏறி கீச்சுன்னு கத்தும். நெட்டுக்கு வைஃபை வேணாம், ஒயர் போடுங்க. 128 ஸ்ட்ரீமுக்கு வேகம் பெருசா தேவையில்ல, விடாம வரணும், அவ்ளோ தான். அப்புறம் ஷோவுக்கு முன்னாடி எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைக்க சொல்லுங்க. ஒரு தடவ ஷோ பூரா டிங் டிங்னு என் மெசேஜ் சத்தம் போயிட்டு இருந்துச்சு, அத சொல்லத்தான் அத்தன பேர் மெசேஜ் அனுப்பிட்டு இருந்தாங்க.

புது ஆளுங்க நேரா லைவ்ல வர வேணாம். டெஸ்ட்டுன்னு தனியா ஒரு ஸ்டேஷன் அதே சர்வர்ல வச்சுக்கோங்க, அங்க அரை மணி நேரம் பண்ண சொல்லி ஒருத்தர் உக்காந்து கேளுங்க. பாக்க வேண்டியது மூணு தான்: குரல் பாட்ட விட மெதுவா இருக்கா, மீட்டர் சிவப்புல முட்டுதா, பாட்டு பேர் மாறுதா.

கை மாத்தறது தான் லைவ்ல ரொம்ப சொதப்பற இடம். ஐஸ்காஸ்ட் ஒரு மவுன்ட்ல ஒரு சோர்ஸ தான் ஏத்துக்கும், ரெண்டாவது ஆள் வந்தா மவுன்ட் பாயின்ட் இன் யூஸ்னு விரட்டிடும். அஸுராகாஸ்ட் வச்சிருந்தாலும் ஒரே நேரத்துல ஒருத்தர் தான். அதனால வழக்கம் இப்படி வைங்க: முடிக்கற டிஜே கடைசி பாட்டு முடிஞ்சதும் வெளிய வரணும், நடுவுல ஆட்டோடிஜே ஒரு பாட்டு போடும், அடுத்த டிஜே அந்த பாட்டு ஓடும்போது உள்ள வந்துடணும். ரெண்டு பேரும் அந்த நேரத்துல சாட்ல இருக்கணும்.

இன்னொண்ணு, நீங்க பேசறது நேயருக்கு 10ல இருந்து 30 நொடி தாமதமா தான் போகும், நடுவுல இருக்கற பஃபருங்க (ஒலிய கொஞ்சம் சேத்து வச்சு விடற இடங்க) அப்படி. "இந்த பாட்டு யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னு கேட்டுட்டு உடனே பதில் வரலன்னு "யாருமே இல்லயா"ன்னு புலம்பாதீங்க, கேள்வியே இன்னும் அவங்களுக்கு போய் சேந்திருக்காது.

ஷெட்யூலும் ஆளுங்களும்

நேரத்த யூடிசில (உலகத்துக்கே பொதுவான நேரக் கணக்கு) எழுதுங்க, பக்கத்துல அவங்கவங்க உள்ளூர் நேரம் தெரியற மாதிரி பண்ணுங்க. குளிர்காலம் வெயில்காலம்னு கடிகாரத்த மாத்தற நாடுகள்ல இருக்கற டிஜேங்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவ ஒரு மணி நேரம் நகரும், அதுவும் எல்லா நாடும் ஒரே தேதில மாத்தறதில்ல. அந்த வாரங்கள்ல ஷெட்யூல் பாக்கறவங்க முன்னாடியே எல்லார்கிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்கணும்.

விதிங்க ஒரு பக்கத்துக்குள்ள இருக்கட்டும். வர முடியலன்னா ஒரு நாள் முன்னாடி சொல்லு, காரணம் கேக்க மாட்டோம். சொல்லாம மூணு தடவ வரலன்னா ஸ்லாட் காலி, திரும்ப வந்தா வரிசைல நில்லு, கோவம் இல்ல. யாரையும் இழிவா பேசினா அந்த நிமிஷமே கனெக்ஷன் வெட்டப்படும், அத பண்ற அதிகாரம் யார் யாருக்குன்னு பேர் போட்டு எழுதுங்க. ஒவ்வொரு ஷோவையும் 8 வாரம், 12 வாரம்னு சீசனா வைங்க. இது நான் அடிபட்டு கத்துக்கிட்டது. முடிவே இல்லாத ஸ்லாட்ட விட்டு விலக மனுஷங்களுக்கு சங்கடமா இருக்கு, அதனால சொல்லாம காணாம போறாங்க. சீசன் முடிஞ்சா "இந்த தடவ நான் இல்லப்பா"ன்னு சிரிச்சுட்டே போயிடலாம், அடுத்த சீசனுக்கு தெம்பா வருவாங்க.

காசு வாங்கினா வரவு செலவ மாசா மாசம் எல்லாரும் பாக்கற இடத்துல போடுங்க, தொகை சின்னதா இருந்தாலும். முதல் வருஷ டொமைனும் சர்வரும் எவ்ளோன்னு கூட்டி அத மட்டும் கேளுங்க, மிச்சம் பிடிக்காதீங்க.

வெளிய விடறது

வெப் பக்கத்துல பெரிய பிளே பட்டன், இப்ப ஓடற பாட்டு, அடுத்த ஷோ எப்போ, அவ்ளோ போதும். பக்கம் திறந்ததும் தானா பாட வைக்கலாம்னு பாக்காதீங்க, பயனர் தொடாம சத்தம் வர்றத பெரும்பாலான பிரவுசர் விடாது. பட்டன் பக்கத்துலயே நேரடி ஸ்ட்ரீம் முகவரியையும் குடுங்க, விஎல்சி பிளேயர் வச்சு கேக்கறவங்க, வீட்ல இன்டர்நெட் ரேடியோ பெட்டி வச்சிருக்கறவங்க அத தான் தேடுவாங்க. ரேடியோ பிரவுசர்ங்கற பொது டைரக்டரில போட்டுட்டா அத பயன்படுத்தற ஆப்கள்லயும் தேடினா வரும். ஆனா பதிவு பண்றதுக்கு முன்னாடி முகவரி நிரந்தரமா இருக்கணும், ஐபி நம்பர குடுத்துட்டு சர்வர் மாத்தினா எல்லா இடத்துலயும் செத்த லிங்க் தான் இருக்கும், டொமைன் பேர்லயே குடுங்க.

திறப்பு விழாவுக்கு முன்னாடி ரெண்டு வாரம் குரூப்புக்குள்ள மட்டும் ஆட்டோடிஜேய ஓட விடுங்க. டேக் தப்பு, பாதில நிக்கற ஃபைல், ரெண்டு தடவ ஏத்தின பாட்டு எல்லாத்தையும் அவங்களே கண்டுபுடிச்சு சொல்வாங்க, அதுல சிலருக்கு அபார சந்தோஷம். திறப்பு நாள்ல 4 மணி நேரத்துக்கு மேல லைவ் வைக்காதீங்க, ரெண்டு டெக்னிக்கல் ஆளும் அந்த நேரம் பூரா சாட்ல இருக்கட்டும், ஒருத்தருக்கும் ஷோ குடுக்காதீங்க.

ஓட ஆரம்பிச்ச பிறகு உடையறது எல்லாம்

டிஸ்க் நிறைஞ்சுடும். லைவ் ஷோவ தானா பதிவு பண்ற ஆப்ஷன போட்டு மறந்துடுவீங்க, அது சேந்து சேந்து ஒரு நாள் பேனலே திறக்காது. பழைய பதிவ தானா அழிக்கற மாதிரி வைங்க. சான்றிதழ் 90 நாள்ல காலாவதி ஆகும், தானா புதுப்பிக்கணும், முதல் தடவ புதுப்பிச்சுதான்னு கண்ணால பாருங்க. ஸ்ட்ரீம் நின்னா மெசேஜ் அனுப்பற ஒரு கண்காணிப்ப வைங்க, வெப் பக்கத்த மட்டும் பாக்காம ஸ்ட்ரீம் முகவரியையே பாக்கணும், ஏன்னா பக்கம் திறக்கும், சத்தம் வராது. பேக்கப்ப அந்த சர்வருக்கு வெளிய வேற ஒரு இடத்துல வைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரெண்டாவது டெக்னிக்கல் ஆள், முதல் ஆளோட உதவி இல்லாம அத வேற ஒரு காலி சர்வர்ல ஏத்தி ஸ்டேஷன எழுப்பி காட்டணும். எங்க எழுதி வச்ச குறிப்புல என்ன விட்டுப் போச்சுன்னு அப்ப தான் தெரியும், எங்களுக்கு முதல் தடவ 11 விஷயம் விட்டுப் போயிருந்துச்சு.

ஓடின பாட்டு லாக் பத்திரம். லைசென்ஸ் அமைப்புங்க ரிப்போர்ட் கேப்பாங்க, பாட்டு பேரு, ஆர்டிஸ்ட், எத்தன பேர் கேட்டாங்கன்னு. டேக் ஒழுங்கா இருந்தா பேனல்ல இருந்து எடுத்து அனுப்பிட்டு போயிட்டே இருக்கலாம். ஐஸ்காஸ்ட் லாக்ல நேயர்களோட ஐபி முகவரியும் இருக்கும், அத தேவைக்கு மேல வச்சுக்காம அழிச்சுடுங்க.

நேயர் எண்ணிக்கைய டிஜேங்க ஷோ நடுவுல பாத்துட்டே இருக்கறத முடிஞ்சா தடுங்க. 9 பேர்னு காட்டினதும் குரல் தொங்கிடும், அடுத்த வாரம் லீவு சொல்லுவாங்க. 9 பேர் ஒரு ரூம்ல உக்காந்து நீங்க போடற பாட்ட 2 மணி நேரம் கேக்கறாங்கன்னு வச்சு பேசினா ஷோவே வேற மாதிரி வரும். எண்ணிக்கைய ஷெட்யூல் பாக்கறவங்க மாசக் கடைசில எடுத்து, எந்த நேரத்துக்கு ஆள் இருக்காங்கன்னு பாத்து அடுத்த சீசன் ஸ்லாட்ட நகத்தட்டும்.